இரும்புத்தாது ஓடியது, புளி நின்றது: பஸ்தரில் கிளர்ச்சி விட்டுச் சென்ற தடம்

ஆயுதக் கிளர்ச்சி நீண்டகாலம் நடக்கும் ஒரு பகுதியின் சமூக, பொருளாதார வளர்ச்சி எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ச்சி இல்லாததால் கிளர்ச்சி வந்ததா, கிளர்ச்சி வந்ததால் வளர்ச்சி நின்றதா என்ற துணைக்கேள்வியும் அதில் இருக்கிறது. பொதுப்படையாக விடை சொன்னால் எந்த நாட்டுக்கும் பொருந்தும்; எந்த ஊரையும் விளக்காது. ஆகவே சத்தீஸ்கர் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பஸ்தரை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். காங்கேர், கொண்டாகாவ், பஸ்தர், நாராயண்பூர், தந்தேவாடா, பிஜாப்பூர், சுக்மா ஆகிய ஏழு மாவட்டங்களைக் கொண்ட இந்தப் பகுதி ஏறத்தாழ கேரளத்தின் பரப்பளவு உடையது. மக்களில் பெரும்பான்மையினர் கோண்டு, முரியா, மாடியா, தோர்லா, ஹல்பா முதலிய பழங்குடியினர். அவர்களில் பலர் பேசும் கோண்டி நம் தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த திராவிட மொழி.

முதலில் துணைக்கேள்வி. 1980-ல் கொண்டபள்ளி சீதாராமையாவின் தலைமையில் மக்கள் யுத்தக் குழு என்ற ஆயுத இடதுசாரி இயக்கம், பின்னாளில் மாவோயிஸ்ட் கட்சியில் இணைந்தது, ஆந்திரத்தில் உருவானது. அதன் சிறு சிறு தளங்கள் கோதாவரியைக் கடந்து பஸ்தர் காட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே அரசின் முகமாக இருந்தவர் பெரும்பாலும் வனக்காவலர். விறகுக்கும் மூங்கிலுக்கும் அவர் அபராதம் விதிப்பார். கோழியோ ஆடோ கேட்பார். கோடையில் பீடி இலை பறித்து விற்பதுதான் காட்டுக் குடும்பங்களுக்கு ரொக்கமாகக் கிடைத்த ஒரே பெரிய வருமானம். அதன் விலையை வெளியூர் வியாபாரி தீர்மானித்தார். கிளர்ச்சியாளர்கள் முதலில் கையில் எடுத்தவை இந்த இரண்டு பிரச்சினைகளே. வனக்காவலரின் அட்டகாசம் குறைந்தது, இலைக்கட்டின் விலை கூடியது. இதை மறைத்துவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் நேர்மையானதல்ல. ஆக, புறக்கணிப்பு கிளர்ச்சிக்கு இடம் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு வந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த இழப்பை அந்தப் பழைய புறக்கணிப்பின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. அந்த இழப்புக்குத் தனிக் காரணங்களும் தனிப் பொறுப்பாளிகளும் உண்டு.

அந்த இழப்பை எங்கே தேடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தகர்க்கப்பட்ட பாலங்களையும் எரிக்கப்பட்ட வாகனங்களையும் எண்ணி, அதையே சேதம் என்று காட்டுவது வழக்கம். என் கருத்தில் பஸ்தரில் நடந்த மிகப்பெரிய சேதம் தூரம் கூடியது. சந்தை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மருத்துவமனை, வங்கி, நீதிமன்றம் ஆகிய ஒவ்வொன்றும் கிராமத்திலிருந்து விலகி விலகிப் போய், ஒரு கட்டத்தில் நடந்து போய் மாலைக்குள் திரும்ப முடியாத இடத்தை அடைந்தது.

இதற்கு ஜகர்குண்டாவைக் காட்டிலும் தெளிவான சாட்சி இல்லை. சுக்மா மாவட்டத்தில், தோர்னபாலில் இருந்து சுமார் 56 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இந்த ஊர் ஒருகாலத்தில் சுற்றுவட்டாரக் காட்டுப்பொருள் வணிகத்தின் மையம். புளி, இலுப்பைப் பூ, சாரைப்பருப்பு எல்லாம் இங்கே வந்து குவியும். 2001-ல் இங்கிருந்த கிராமிய வங்கிக் கிளை தாக்கப்பட்டு மூடப்பட்டது. 2005 ஜூனில், காங்கிரஸ் தலைவர் மகேந்திர கர்மா முன்னின்று நடத்த, மாநில அரசின் ஆதரவோடு சல்வா ஜுடும் என்ற மாவோயிஸ்ட் எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. அது கிராமங்களைக் காலி செய்து மக்களைச் சாலையோர முகாம்களுக்குக் கொண்டுவந்தது. வர மறுத்த கிராமங்களில் வீடுகள் எரிந்தன. முகாமுக்குப் போனவர்கள் அரசின் ஆட்கள் என்று மாவோயிஸ்ட்டுகளும், காட்டில் தங்கியவர்கள் மாவோயிஸ்ட்டுகள் என்று அரசும் முடிவு கட்டிய காலம் அது. ஜகர்குண்டா முள்வேலிக்குள் அடைபட்ட முகாம் ஊரானது. வெளியே போகும் சாலையை மாவோயிஸ்ட்டுகள் வெட்டி, கண்ணிவெடி புதைத்தார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை, ஆயுதப் படையினர் வழிநெடுகக் காவல் நிற்க, லாரிகளில் வந்து இறங்கும் அரிசியைச் சேமித்து வைத்துத்தான் அங்கிருந்தவர்கள் சாப்பிட்டார்கள். அதற்கு முன்பு ஊருக்கு ஊர் சரக்கு அனுப்பிய சந்தை மையம் அது. 2006-ல் மூடிய பள்ளி 2019-ல்தான் அங்கே மீண்டும் திறந்தது. மூடிய ஆண்டில் முதல் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய குழந்தைக்கு அப்போது பத்தொன்பது வயது ஆகியிருக்கும்.

வாரச்சந்தை என்பதன் பொருள் பஸ்தரில் நம் ஊர்ச் சந்தையைவிட விரிந்தது. உப்பு, எண்ணெய், துணி வாங்கும் இடமும் காட்டுப்பொருளைப் பணமாக்கும் இடமும் அதுவே. பெண் பார்க்கும் இடம், உறவினரின் நலம் விசாரிக்கும் இடம், கோழிச் சண்டை பார்க்கும் இடமும் அதுவே. ஜுடும் காலத்தில், மாவோயிஸ்ட்டுகளுக்குப் பொருள் போகிறது என்று சொல்லி உள்பகுதிச் சந்தைகள் பல நிறுத்தப்பட்டன. மறுபுறம், சந்தையில் நின்ற காவலரைச் சுட்டுக் கொல்ல மாவோயிஸ்ட்டுகள் தங்கள் சிறு குழுக்களை அனுப்பினார்கள். அதிக அளவில் அரிசியோ மருந்தோ வாங்கிச் சென்றவர் காவல்துறையின் சந்தேகத்துக்கு ஆளானார். அடிக்கடி நகரத்துக்குப் போய்வந்தவர் மாவோயிஸ்ட்டுகளின் சந்தேகத்துக்கு ஆளானார். இப்படி இரண்டு பக்கமும் சந்தேகம் காத்திருக்கும் வழியில் ஒரு குடும்பம் எவ்வளவு புளியைச் சுமந்துகொண்டு போகும்?

புளியைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பஸ்தரின் முக்கிய நகரான ஜகதல்பூரின் புளிச்சந்தை நாட்டின் பெரிய புளிச்சந்தைகளில் ஒன்று. அங்கிருந்து தென்மாநிலங்களுக்கு, தமிழ்நாட்டுக்கும் சேர்த்து, சரக்கு வருகிறது. அதேபோல் தென்காசி, திருநெல்வேலிப் பெண்கள் சுற்றும் பீடியின் இலை மத்திய இந்தியக் காடுகளில் விளைவது. ஐம்பது இலை ஒரு கட்டு. ஆயிரம் கட்டு ஒரு மூட்டை. சத்தீஸ்கர் அரசு மூட்டைக்குக் கொடுத்த கூலி 2019-ல் 2,500 ரூபாயிலிருந்து 4,000 ஆகவும், 2024-ல் 5,500 ஆகவும் உயர்ந்தது. அதாவது ஐம்பது இலைக்கு ஐந்தரை ரூபாய். கிளர்ச்சி நடந்த ஆண்டுகளில் இந்த வணிகத்தின் மேல் ஒரு கண்ணுக்குத் தெரியாத வரி ஏறியது. இலையை ஏலம் எடுத்த வியாபாரிகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் மாவோயிஸ்ட்டுகள் வசூல் செய்தார்கள். அந்தத் தொகையையும், உள்ளே போய்வரும் அபாயத்தின் விலையையும் வியாபாரி தன் கைப்பணத்திலிருந்து கொடுப்பதில்லை. அபாயம் கூடிய இடத்தில் சிறு வியாபாரிகள் விலகிவிட, மிஞ்சிய ஒருவர் இருவர் சொன்னதே விலையானது. எந்த விலைக்காகப் போராடி இயக்கம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றதோ, அந்த விலையே இயக்கத்தின் நிழலில் மீண்டும் நசுங்கியது.

இப்போது மலைக்கு மறுபக்கம் பாருங்கள். தந்தேவாடா மாவட்டத்துப் பைலாடிலா மலைகளில் தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம், அதாவது என்.எம்.டி.சி., 1968 முதல் இரும்புத்தாது வெட்டி வருகிறது. கிரந்துலில் இருந்து கொத்தவலசை வழியாக விசாகப்பட்டினத் துறைமுகத்துக்குத் தாது ஏற்றிச் செல்வதற்கென்றே அமைந்த ரயில் பாதை உண்டு. தாதுக் குழம்பைக் கொண்டுசெல்ல எஸ்ஸார் நிறுவனம் அமைத்த 267 கிலோமீட்டர் குழாயும் உண்டு. இவையெல்லாம் தாக்கப்படவில்லையா என்றால், தாக்கப்பட்டன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, குழாய் 2009-ல் தகர்க்கப்பட்டது, 2007-ல் மின்கோபுரங்கள் சாய்க்கப்பட்டுப் பஸ்தர் ஒரு வாரத்துக்கும் மேல் இருளில் கிடந்தது. என்றாலும் தண்டவாளம் பழுதுபார்க்கப்பட்டது, சுரங்கத்துக்குக் காவல் படை வந்தது, தாது ஓடிக்கொண்டேயிருந்தது. 2023-24-ல் அந்தக் கழகம் வெட்டிய தாது சுமார் 4.5 கோடி டன், பெரும்பகுதி பஸ்தரிலிருந்து. பயணிகள் ரயிலோ, பதற்றமான நாட்களில் கிரந்துல் வரை போகாமல் தந்தேவாடாவிலேயே நின்றுவிடும். இந்த ஒரு காட்சி பல அறிக்கைகளை விட அதிகம் சொல்கிறது. காவலுக்குப் பணம் செலவிடக்கூடிய பெரிய பொருளாதாரம் கிளர்ச்சியைத் தாங்கிக்கொண்டது. தலைச்சுமையில் நடந்த சிறிய பொருளாதாரம் தாங்கவில்லை. மாவட்ட வருமானக் கணக்கில் தாது தெரியும். நின்றுபோன புளிக்கூடை எந்தக் கணக்கிலும் தெரியாது.

பெரிய தொழில் ஏதும் நிற்கவேயில்லை என்று சொல்லவில்லை. லோஹண்டிகுடாவில் டாடா ஸ்டீல் ஆலைக்கென்று பத்து கிராமங்களில் 1,700-க்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் எடுக்கப்பட்ட நிலம், ஆலை வராமலேயே 2019-ல் திருப்பித் தரப்பட்டது. அதை மாவோயிஸ்ட் அச்சுறுத்தலின் விளைவு என்று மட்டும் படிப்பது பிழை. தங்கள் நிலத்தைக் கொடுக்க விரும்பாத விவசாயிகளின் எதிர்ப்பு அதில் முக்கியமானது. கிளர்ச்சிப் பகுதியில் இதுவும் ஒரு சமூகச் சேதம்: நியாயமான எதிர்ப்புக்கும் ஆயுத எதிர்ப்புக்கும் இடையே உள்ள கோடு அழிந்துவிடுகிறது. கிராமசபையில் எழுந்து ‘வேண்டாம்’ என்று சொல்பவரும் மாவோயிஸ்ட் என்று பெயர் வாங்குகிறார். அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையும், பழங்குடிப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து ஆட்சியை விரிவுபடுத்திய 1996-ன் பெசா சட்டமும், 2006-ன் வன உரிமைச் சட்டமும் கிராமசபைக்குக் கொடுத்த அதிகாரம் பேச்சளவில் நின்றதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கல்விக்கு வருகிறேன். மாவோயிஸ்ட்டுகள் பள்ளிக் கட்டடங்களைத் தகர்த்தார்கள். படையினர் அங்கே தங்குகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். படையினர் பள்ளிகளில் தங்கியதும் உண்மை. அங்கிருந்து வெளியேறுமாறு உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனால் படை ஒருநாளும் தங்காத பள்ளிகளும் இடிந்தன, கட்டடம் போனதும் ஆசிரியரும் போனார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு சுமார் 73 சதவீதமாக இருந்தபோது பிஜாப்பூரில் 41 சதவீதத்தை எட்டவில்லை. அப்போது சுக்மாவையும் உள்ளடக்கிய தந்தேவாடாவில் 42 சதவீதம். பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த 260 பள்ளிகளை 2022-ல் அரசு மீண்டும் திறந்தது; அவற்றில் 158 பிஜாப்பூரிலும் 97 சுக்மாவிலும் இருந்தன. இடைப்பட்ட காலத்துக்கு மாவட்ட நிர்வாகம் கண்ட வழி ‘போர்ட்டா கேபின்’ எனப்படும் உறைவிடப் பள்ளிகள். மூங்கில் தட்டிகளால் விரைவாக எழுப்பிய அந்தக் கட்டடங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் ஒரு தலைமுறையே முழுக்க எழுத்தறியாமல் போயிருக்கும். அதற்கும் ஒரு விலை இருந்தது. ஆறு வயதில் வீட்டைவிட்டுப் போன பிள்ளை, கோண்டி அறியாத ஆசிரியரிடம் இந்தியில் படித்து, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது விதைப்பும் அறியாமல், காட்டின் மரப்பெயர்களும் அறியாமல் நின்றது. பள்ளி கிராமத்துக்கு வர முடியாதபோது பிள்ளை பள்ளிக்குப் போனது. அந்தத் தூரம் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலும் விழுந்தது.

உடல்நலத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2020 ஜனவரியில் ‘மலேரியா இல்லாத பஸ்தர்’ இயக்கம் தொடங்கி, வீடு வீடாகப் போய் எல்லோரின் ரத்தத்தையும் சோதித்தபோது, நோய்க்கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் எந்த அறிகுறியும் இல்லை. கிருமியோடு வாழ்ந்து வாழ்ந்து உடல் பழகியிருந்தது. காய்ச்சலாகக் காட்டாத அந்த நோய் ரத்தசோகையாகத் தாயையும் குழந்தையையும் உள்ளிருந்து அரித்தது. இரத்தச் சோதனைக்கான ஊழியர் நடந்து போக முடிந்த பிறகுதான் இது வெளியில் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சமூகத்தின் உள்ளே நேர்ந்த உடைவுதான் சொல்லக் கடினமானது. ஜுடும் காலத்தில் சிறப்புக் காவல் அதிகாரிகள் என்ற பெயரில் பழங்குடி இளைஞர்கள் சுமார் 6,500 பேருக்கு அரசு துப்பாக்கி கொடுத்தது. ஐந்தாம் வகுப்பு படித்திருந்தாலே முன்னுரிமை. மாத ஊதியம் 3,000 ரூபாய். சமூகவியல் பேராசிரியர் நந்தினி சுந்தர் முதலியோர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் பி.சுதர்சன் ரெட்டி, எஸ்.எஸ்.நிஜ்ஜார் அமர்வு இது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. ஒரே ஊரின் ஒரு பங்காளி ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமும் துப்பாக்கி ஏந்தியிருந்தார்கள். மாவோயிஸ்ட்டுகள் ‘மக்கள் நீதிமன்றம்’ கூட்டி, காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லி ஊராரின் கண்முன்பே ஆட்களைக் கொன்றார்கள். மறுபக்கம், 2012 ஜூனில் சார்க்கேகுடா கிராமத்தில் படையினர் சுட்டுக் கொன்ற 17 பேர் மாவோயிஸ்ட்டுகள் என்பதற்குச் சான்று இல்லை என்று நீதி விசாரணை ஆணையம் ஏழு ஆண்டுகள் கழித்துச் சொன்னது. 2017-ல் புர்காபாலில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 25 மத்திய ரிசர்வ் போலீஸார் கொல்லப்பட்ட வழக்கில் கைதான பழங்குடியினர் 121 பேரும் 2022 ஜூலையில் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகள் வீட்டில் ஏர் பிடிக்க ஆள் இல்லை, இலை பறிக்க ஆள் இல்லை, பிணைக்கும் பயணத்துக்கும் மாடு விற்றாயிற்று. விசாரணைக் கைதியின் குடும்பம் ஏழையாவதும் கிளர்ச்சியின் பொருளாதார விளைவுதான். ஆயினும் பொருளாதார ஆய்வுகளில் அதற்கென்று ஒரு பத்தியைக் காண்பது அரிது.

நிர்வாகமும் தன் பங்குக்குப் பின்வாங்கியது. 2012 ஏப்ரல் 21 அன்று சுக்மா ஆட்சியர் அலெக்ஸ் பால் மேனன் ஒரு கிராமக் குறைகேட்புக் கூட்டத்தில் இருந்தபோது கடத்தப்பட்டதும், அவருடைய மெய்க்காவலர்கள் இருவர் அங்கேயே கொல்லப்பட்டதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும். அவர் நெல்லைப் பகுதியைச் சேர்ந்தவர். மே 3 அன்று அவர் விடுவிக்கப்பட்டார். பாதுகாப்பு வளையமின்றி மோட்டார் சைக்கிளில் கிராமங்களுக்குப் போய்வந்த அந்த வகை அதிகாரிக்கே இது நேர்ந்தது என்பது மற்றவர்களுக்கு வேண்டிய பாடத்தைக் கற்பித்துவிட்டது. ஆட்சியரே போகாத ஊருக்கு வட்டாட்சியரும் கிராம அலுவலரும் ஏன் போவார்கள்? போகாமலிருக்க எல்லோருக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. போகாத ஊரில் நடந்ததாகக் காகிதத்தில் காட்டப்படும் வேலையைச் சரிபார்க்கவும் ஆள் இல்லை. பஸ்தரில் சாலை ஒப்பந்த ஊழல் செழித்ததற்கு இதுவே நிலம். 2025 ஜனவரியில் பிஜாப்பூர்ப் பத்திரிகையாளர் முகேஷ் சந்திரகர் கொலையுண்டு, உடல் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் புதைக்கப்பட்டுக் கிடந்தது. சாலைப் பணியின் முறைகேட்டை வெளிப்படுத்திய செய்திக்குப் பின் நடந்த கொலை அது. ஒப்பந்தக்காரர் ஒருவர் கைதானார்.

நிலப்பதிவு என்பதும் இதே வரிசையில் வரும். அபூஜ்மாட் எனப்படும் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் மலைக்காட்டில் நெடுங்காலம் நில அளவை செய்யப்படவேயில்லை. கிளர்ச்சி தொடங்கும் முன்பும் செய்யப்படவில்லை, தொடங்கிய பின் பல ஆண்டுகள் செய்யவும் முடியவில்லை. அளவை இல்லையென்றால் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் பயிர்க்கடன் இல்லை, அரசின் நெல் கொள்முதல் இல்லை, விவசாயிகளுக்கான உதவித்தொகை இல்லை. பல தலைமுறையாக உழுத நிலம் சட்டத்தின் கண்ணில் இல்லாத நிலமாக இருந்தது.

மாவோயிஸ்ட்டுகளின் சார்பாகப் பேசுவோர், அவர்கள் நிலம் பங்கிட்டார்கள், குளம் வெட்டினார்கள், கூலி உயர்த்தினார்கள், பெரும் சுரங்கங்களைத் தள்ளிப்போட்டார்கள் என்பார்கள். இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் சாலையும் பள்ளியும் தேர்தலும் தங்கள் அனுமதியோடு மட்டுமே நடக்க வேண்டும் என்று ஓர் ஆயுதக் குழு தீர்மானித்த பிறகு, அது வெட்டிய குளத்தை வைத்து அது தடுத்த ஆம்புலன்ஸை நியாயப்படுத்த முடியாது. ஜுடும் என்ற கொடுமையை அரசு தேர்ந்தெடுத்ததும் அதே அளவு உண்மை. மக்களை முகாமுக்கு விரட்டாமல் கிராமத்திலேயே பாதுகாத்திருந்தால் ஜகர்குண்டாவின் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடந்த இரண்டு ஆண்டுகளில் நிலைமை வேகமாக மாறிவிட்டது. மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச்செயலர் பசவராஜு 2025 மே 21 அன்று அபூஜ்மாட் மோதலில் கொல்லப்பட்டார். அக்டோபரில் ஜகதல்பூரில் ஒரே நாளில் 210 பேர் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். படைமுகாம் முதலில், அதைத் தொடர்ந்து சாலை, பிறகு ரேஷன் கடை, கைபேசிக் கோபுரம், பள்ளி என்ற வரிசையில் அரசு உள்ளே போகிறது. முகாமைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கான திட்டத்துக்கு 2024-ல் ‘நியத் நெல்லா நார்’ என்று கோண்டியில் பெயர் வைத்தார்கள். ‘உன் நல்ல ஊர்’ என்று பொருள். அந்த ‘நெல்லா’வில் நம் ‘நல்ல’ ஒலிப்பதைத் தமிழர் எவரும் கேட்க முடியும். 2025 மே மாதம் ஜகர்குண்டாவில் மீண்டும் ஒரு வங்கிக் கிளை திறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கிளை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு வங்கியே இல்லாமல் இருந்த ஊர் அது. அதே சமயம், முகாம் கட்டுவதில் கிராமத்தின் சம்மதம் கேட்கப்படவில்லை என்ற மனக்குறை தீரவில்லை. 2021 மே மாதம் சில்கேரில் முகாமை எதிர்த்துக் கூடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததை யாரும் மறக்கவில்லை. சாலை வந்துவிட்டது என்பதாலேயே சந்தை திரும்பிவிடாது. அந்தச் சாலையில் முதலில் ஓடப்போவது புளி லாரியா தாது லாரியா என்று கிராமங்கள் கவலையோடு கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஜுடும் காலத்தில் கோதாவரியைக் கடந்து ஓடியவர்களின் கணக்கும் இன்னும் முடியவில்லை. பல்லாயிரக்கணக்கானோர் இன்றைய தெலங்கானாவின் பத்ராசலம், முலுகு காடுகளிலும் ஆந்திரத்தின் எல்லைப் பகுதிகளிலும் சிறு குடியிருப்புகள் அமைத்து, மிளகாய் பறித்துக் கூலி வாங்கிப் பிழைக்கிறார்கள். அங்கே அவர்களை ‘குத்தி கோயா’ என்று அழைக்கிறார்கள். பட்டியல் பழங்குடி என்ற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனியானது என்பதால், சத்தீஸ்கரில் பழங்குடியாக இருந்த குடும்பம் ஆற்றைக் கடந்ததும் அந்தத் தகுதியை இழந்துவிட்டது. அவர்கள் திருத்திய நிலத்தை ஆக்கிரமிப்பு என்று வனத்துறை மீட்டெடுக்கிறது. திரும்பிப் போகலாம் என்றால், இருபது ஆண்டுக்கு முன் விட்டுவந்த வயலை இப்போது வேறு யாரோ உழுகிறார்கள், அல்லது காடு மூடிவிட்டது. 2005-ல் தாயின் முதுகில் கட்டப்பட்டு ஆற்றைக் கடந்த குழந்தைக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. கல்லூரி விண்ணப்பத்தில் இணைக்க அவனிடம் எந்த மாநிலத்தின் சாதிச் சான்றிதழும் இல்லை.